ஏற்காட்டு வீட்டிலிருந்து சேலம் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு மோடம்: 26,400-க்கு மேல் ஏறவில்லை, பாக்ஸ்புரோ தொங்குகிறது

காப்பித்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். வீடு ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருப்பதால் அன்றைய சரக்கு வரவு, லாரி வாடகை, பார்ட்டி பாக்கி எல்லாம் பாதியில் நிற்கிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அன்றைக்குக் கீழே இறங்கவே முடியாது. அதனால் முதலாளியிடம் பேசி, வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போன் லைனில் இணைய ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஆபீஸில் நான்கு கம்ப்யூட்டர், அவற்றை ஒன்றாகச் சேர்க்க ஒரு ஹப். நான்கில் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல்; கணக்கு புரோகிராமும் டேட்டாவும் அதில்தான் இருக்கின்றன. பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸ்டர்னல் மோடம் மாட்டி, வரும் அழைப்பை எடுக்கும்படி வைத்திருக்கிறேன். வீட்டிலும் எக்ஸ்பிதான், மோடம் உள்ளே கார்டாக இருக்கிறது. இரண்டும் 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

இணைப்பு கிடைக்கிறது. ஆனால் வேகம் நொடிக்கு 26,400 பிட் என்று காட்டுகிறது, சில நாள் 24,000. ஆபீஸ் டிரைவை வீட்டு கம்ப்யூட்டரின் சொந்த டிரைவ் போலத் தெரியும்படி மேப் செய்து புரோகிராமைத் திறந்தால் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு லெட்ஜர் திறப்பதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறார். நடுவில் லைனும் துண்டிக்கிறது. வேகத்தைக் கூட்ட என்ன வழி? வேறு மோடம் வாங்க வேண்டுமா?

கொலுசு:
இதற்கு எதற்கு நேரடி டயல்? இரண்டு பக்கமும் இன்டர்நெட் போட்டு நடுவில் விபிஎன் (இன்டர்நெட் வழியாக ஒரு தனிப் பாதை) ஓட்டினால் போதுமே. போன அக்டோபரில் (2004) அரசு பிராட்பேண்ட் கொள்கையே அறிவித்துவிட்டது. 256 கிலோபிட், எப்போதும் இணைப்பில் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள், மோடத்தையே தூக்கிப் போட்டுவிடலாம்.

ஐந்துரோடு:
கொலுசு தம்பி, கொள்கை டில்லியில் அறிவித்தது. அது 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி நாகலூர் போய்ச் சேரும்வரை இவர் கணக்கை யார் எழுதுவது? இரண்டு பக்கமும் டயலப் இன்டர்நெட் என்றால் இரண்டு போன் பில், இரண்டு இன்டர்நெட் பேக். கடை பூட்டிய பிறகு ஆபீஸ் பக்கம் யார் டயல் செய்து வைப்பார்? ஒவ்வொரு முறையும் ஐபி முகவரி மாறும். அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு வேலை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றால் நேரடியாக டயல் செய்வதுதான் சரி.

காப்பித்தோட்டம், மோடம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். உங்கள் இரண்டு மோடமும் நல்லவையாகவே இருந்தாலும் 56 வராது. வி.90 என்ற மோடம் தரத்தில் 56 வர வேண்டுமென்றால் ஒரு முனை முழுக்க டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு சேர்ந்திருக்க வேண்டும். இன்டர்நெட் கம்பெனிகள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. நீங்கள் சாதாரண போன் லைனிலிருந்து சாதாரண போன் லைனுக்கு அடிக்கிறீர்கள். நடுவில் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல்தான், ஆனால் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை மாற்றம் நடக்கிறது. அதற்கு உச்ச வரம்பு வி.34 என்ற முந்தைய தரம் தரும் 33,600. மலை லைனில் 26,400 கிடைக்கிறது என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையான சிக்கல் வேகம் இல்லை. நீங்கள் டிரைவை மேப் செய்தீர்களே, அதுதான். பாக்ஸ்புரோவில் டேட்டா ஆபீஸில் இருந்தாலும் வேலை செய்வது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். அது ஃபைலைத் துண்டு துண்டாகப் போன் வழியாக இழுத்துத்தான் தேடும். ஒரு பார்ட்டியின் பாக்கியைக் கேட்டால் பேரேட்டையே மலைக்கு ஏற்றி அனுப்புகிற கதை. 26,400 பிட் என்றால் நொடிக்கு 3.3 கிலோபைட். 6 எம்பி ஃபைல் முழுதும் வர அரை மணி நேரம். மோடத்தின் கம்ப்ரஷன் உதவினால் அதில் பாதி ஆகலாம். ஆபீஸ் ஹப் பழைய 10 எம்பிபிஎஸ் ஆகவே இருந்தாலும் உங்கள் லைனைவிடச் சுமார் 380 மடங்கு வேகம். அங்கே கண்ணுக்குத் தெரியாத தாமதம் இங்கே சாப்பாட்டு நேரமாகத் தெரிகிறது.

ஃபைலை வரவழைக்காதீர்கள், திரையை மட்டும் வரவழையுங்கள். எக்ஸ்பி புரொபஷனலில் ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. இணைந்த பிறகு அதைத் திறந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கேயே புரோகிராமை ஓட்டுங்கள்.

தறிச்சத்தம்:
ஐந்துரோடு சொல்வது பாதி சரி. இன்டெக்ஸ் (ரெக்கார்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை) ஒழுங்காக இருந்தால் பாக்ஸ்புரோ முழு ஃபைலையும் இழுக்காது. ரஷ்மோர் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. இன்டெக்ஸிலிருந்து சில பக்கங்கள், அப்புறம் வேண்டிய ரெக்கார்டுகள், அவ்வளவுதான். இவருடைய புரோகிராமை எழுதியவர் எப்படி எழுதினார் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: டெஸ்க்டாப்பில் இருக்கிற ஐகான் மேப் செய்த டிரைவில் உள்ள இஎக்ஸ்இ-யை, அதாவது புரோகிராம் ஃபைலைத்தானே திறக்கிறது? அப்படியென்றால் லெட்ஜர் வருவதற்கு முன்னால் புரோகிராமே போன் வழியாக வர வேண்டும். இஎக்ஸ்இ-யை வீட்டு டிஸ்க்கில் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள், பாதி காத்திருப்பு குறையும்.

ஐந்துரோடு:
அண்ணே, நீங்கள் சொன்ன ரஷ்மோர் எல்லாம் உண்மைதான். நான் சேலத்தில் பார்த்த மண்டிக் கணக்கு புரோகிராம்களில் பாதி, திறந்ததும் எல்லா ஃபைலையும் ரீஇன்டெக்ஸ் செய்துவிட்டுத்தான் மெனுவைக் காட்டும். அதை எழுதியவருக்கு ஹப் இருந்தது, மோடம் இல்லை.

வேகத்தையும் விடுங்கள். மேப் செய்த டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் துண்டித்தால் என்ன ஆகும்? ரெக்கார்டு பாதி எழுதப்பட்டு, இன்டெக்ஸ் பொருந்தாமல் போகும். காலையில் மற்ற மூன்று பேரும் திறக்கும்போது பிழை வரும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தப் பயம் இல்லை. லைன் போனாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் புரோகிராம் அப்படியே திறந்திருக்கும். மறுபடி டயல் செய்து உள்ளே போனால் விட்ட இடத்திலேயே கர்சர் நிற்கும். மலை லைனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தறிச்சத்தம்:
அது நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எக்ஸ்பிக்குப் பதிலாகப் பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அழைப்பை எடுக்கும் எம்கெட்டியும் இணைப்பை நடத்தும் பிபிபிடியும் ஓட்டினால் மோடம் பக்கம் இன்னும் உறுதியாக இருக்கும் என்பதைச் சொல்லாமல் போக மாட்டேன்.

ஐந்துரோடு:
சொல்லிவிட்டீர்கள். ராத்திரி நின்றுபோனால் செவ்வாய்ப்பேட்டைக்கு நீங்கள்தான் வர வேண்டும்.

வெளிலைன்:
டெலிபோன் துறையில் வெளி லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், நான் கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

துண்டிப்புக்கு முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். போன் எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்டால் லைனின் நிலைமை தெரியும். உம்மென்று ஒரே சீராக இருந்தால் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கரண்ட் கம்பியோடு ஒட்டிப் போகிறது. கரகரவென்றால் ஏதோ ஒரு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. ஏற்காட்டு மூடுபனியில் வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு பருவம்கூடத் தாங்காது.

அப்புறம், வீட்டில் எத்தனை போன் இருக்கிறது? சமையலறைக்கு ஒன்று, முன்கூடத்துக்கு ஒன்று என்று இணையாக இழுத்திருப்பார்கள். மோடத்துக்குப் போகிற கம்பியை ரோசட் பெட்டியிலிருந்து (லைன் வீட்டுக்குள் வந்து முடியும் சின்னப் பெட்டி) நேராக எடுங்கள். தட்டையான கம்பியை வீடு முழுக்கச் சுற்றி ஓட்டாதீர்கள். அதில் முறுக்கு இல்லை, சுற்றிலும் இருக்கிற இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். முடிந்தால் மற்ற போன்களை ஒரு நாள் ராத்திரி கழற்றிவிட்டு டயல் செய்து பாருங்கள்.

தூரமும் உண்டு. 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போய்த் திரும்ப கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம் தடை. 0.4 என்றால் 275-க்குப் பக்கம். எஸ்டேட்டுக்குள் வருகிற லைன் வளைந்து வளைந்து வரும், பார்வைக்கு 2 கிலோமீட்டர் என்றால் கம்பி 4 இருக்கும். அதை யாரும் மாற்ற முடியாது. நீங்கள் மாற்றக்கூடியது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கடைசி 20 அடி.

காப்பித்தோட்டம்:
ஐயா, மிக்க நன்றி. இரண்டு போன் இருக்கிறது. நான் இணைப்பில் இருப்பது தெரியாமல் அம்மா முன்கூடத்துப் போனை எடுத்துவிடுவதும் உண்டு. "உள்ளே ஏதோ பூச்சி கத்துகிறது" என்று வைத்துவிடுவார்.

வெளிலைன்:
அது போதுமே துண்டிக்க! இன்னொன்றையும் பாருங்கள் தம்பி. கால் வெயிட்டிங் வசதி போட்டிருந்தால் வேறு யாராவது கூப்பிடும்போது பீப் என்று ஒரு ஒலி வரும். மனிதக் காதுக்கு அது ஒன்றுமில்லை, மோடத்துக்கு அந்தக் கணம் சத்தம் அறுந்த மாதிரி. இரண்டு முனையிலும் அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

கோரிமேடு:
ஒருவரும் கேட்கவில்லையே, நான் கேட்கிறேன். ஆபீஸ் மோடம் யார் கூப்பிட்டாலும் எடுக்கிறதா? பாஸ்வேர்டு என்ன வைத்திருக்கிறீர்கள்?

காப்பித்தோட்டம்:
மோடத்துக்கு ஏடிஎஸ்0=1 என்ற கட்டளை கொடுத்திருக்கிறேன், முதல் மணியிலேயே எடுக்கும். பாஸ்வேர்டு... முதலாளி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைப் பெயர்.

கோரிமேடு:
கடைப் பெயர் போர்டில் இருக்கிறது. பில் புத்தகத்திலும் இருக்கிறது.

வரிசையாக நம்பர்களை டயல் செய்து எங்கே மோடம் எடுக்கிறது என்று தேடுகிற புரோகிராம்கள் எத்தனையோ வருடமாக இருக்கின்றன. உங்களுக்கு ஃபயர்வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த லைன் அதற்குப் பின்பக்கத்துக் கதவு. உள்ளே வந்தவர் உங்கள் நெட்வொர்க்கின் ஆள் ஆகிவிடுவார். முதலில் கெஸ்ட் கணக்கை மூடுங்கள். டயல் செய்ய மட்டும் தனியாக ஒரு பயனர் கணக்கு வையுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம். பாஸ்வேர்டு நீளமாக, எண்ணும் எழுத்தும் கலந்து.

முக்கியமாக, எக்ஸ்பியில் இன்கமிங் கனெக்‌ஷனில் அந்தப் பயனரின் பெயரைத் திறந்தால் கால்பேக் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் எப்போதும் இந்த எண்ணுக்கே திரும்பக் கூப்பிடு என்று உங்கள் வீட்டு எண்ணைப் போடுங்கள். நீங்கள் டயல் செய்வீர்கள், ஆபீஸ் மோடம் பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்த்துவிட்டு வைத்துவிடும். பிறகு அதுவே உங்கள் வீட்டைக் கூப்பிடும். யாராவது பாஸ்வேர்டைத் திருடினாலும் இணைப்பு உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஐந்துரோடு:
போன் பில்லும் முதலாளி தலையில் விழும். இதை அவரிடம் பாதுகாப்பு என்று சொல்லுங்கள், பில் பற்றி அவரே கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். (ராத்திரி வேலைக்குத் தனிச் சம்பளம் கேட்டீர்களா? வீட்டிலிருந்து வேலை என்றால் பகலும் உண்டு ராத்திரியும் உண்டு என்று ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

கால்பேக் எண்ணில் எஸ்டிடி கோடை மறக்காதீர்கள். சேலம் 0427, ஏற்காடு 04281.  ஆபீஸில் இன்டர்காம் பெட்டி வழியாக லைன் போகிறதென்றால் முன்னால் வெளி லைன் எண்ணும் ஒரு காற்புள்ளியும். காற்புள்ளிக்கு மோடம் இரண்டு நொடி நிற்கும்.

"டயல் டோன் இல்லை" என்று மோடம் அடம் பிடித்தால் அதற்கு ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளை போடுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் அடித்துவிடும். நம் ஊர் டோனைச் சில மோடங்களுக்கு அடையாளம் தெரிவதில்லை.

கொலுசு:
செல்போன் வழி இன்டர்நெட்டான ஜிபிஆர்எஸ் பற்றி யாரும் பேசவில்லை. 40 கிலோபிட் வரைக்கும் வருமாமே?

காப்பித்தோட்டம்:
சிக்னல் வேண்டும் என்றால் லேடீஸ் சீட் காட்சிமுனை வரைக்கும் போக வேண்டும். அங்கே நின்றால் சேலமே கண்ணுக்குத் தெரியும், கத்திச் சொல்லிவிடலாம்.

கணக்குமூட்டை:
பென் டிரைவ் என்ன விலை என்று யாராவது கேட்டீர்களா? சாயங்காலம் டேட்டாவை அதில் எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டில் எழுதுங்கள், காலையில் கொண்டுவந்து போடுங்கள். போனும் வேண்டாம் புண்ணாக்கும் வேண்டாம்.

ஐந்துரோடு:
எழுதுகிறவர் ஒரே ஆள் என்றால் நானும் அதையே சொல்வேன். இவர் ஆபீஸில் மூன்று பேர் வேறு இருக்கிறார்கள். இவர் பஸ் ஏறிய பிறகு ஒருவர் நான்கு பில் போட்டால், காலையில் பென் டிரைவ் அந்த நான்கையும் அழித்துவிடும். தவிர, மண் சரிந்த நாளில் பென் டிரைவும் மலையிலேயே இருக்கும்.

காப்பித்தோட்டம்:
எல்லாம் செய்து பார்த்தேன். ரோசட்டிலிருந்து தனிக் கம்பி, முன்கூடத்துப் போனுக்கு ராத்திரி விடுமுறை. இப்போது 28,800 வருகிறது, சில நேரம் 26,400. துண்டிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. ரிமோட் டெஸ்க்டாப் திறந்து எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் மோடம் 28.8 என்று தேர்ந்தெடுத்தேன். வால்பேப்பர், அனிமேஷன் எதுவும் வராது, ஆனால் லெட்ஜர் உடனே திறக்கிறது! எழுத்து அடித்தால் ஒரு கணம் கழித்துத் தெரிகிறது, பழகிவிடும்.

முதலில் உள்ளேயே விடவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பெயருக்குப் பாஸ்வேர்டு இல்லாததால் ரிமோட் டெஸ்க்டாப் மறுத்தது. அதை வைத்ததும் சரி. டயல் இணைப்புக்கான ஐபி முகவரியாக 192.168.5.1 முதல் 5.10 வரை கொடுத்தேன், முதல் எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்கிறது. அதைத்தான் ரிமோட் டெஸ்க்டாப்பில் அடிக்கிறேன்.

ஆனால் புதிதாக ஒரு தலைவலி. கடை பூட்டும்போது மெயினை இறக்கிவிடுவது இங்கே வழக்கம். சாக்கு மூட்டை அடுக்கியிருக்கும் இடம், ஷார்ட் சர்க்யூட் பயம். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆபீஸ் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது.

ஐந்துரோடு:
முதலாளியின் பயம் நியாயம்தான். அதோடு சண்டை போடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஆபீஸ் அறைக்கு மட்டும் தனி எம்சிபி (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, கிடங்கு லைனை மட்டும் இறக்கும்படி பிரிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரும் மோடமும் யுபிஎஸ்ஸில். கரண்ட் நெடுநேரம் போய்த் திரும்பி வந்தால் தானாக எழும்படி பயாஸில் ஏசி பவர் வந்ததும் ஆன் என்ற அமைப்பை மாற்றுங்கள்.

எக்ஸ்டர்னல் மோடம் மாதத்தில் ஒரு நாளாவது விளக்கு எரிந்தபடி மரமாக நிற்கும். அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். ராத்திரி யார் போய் அணைப்பது? கடையில் கிடைக்கும் டைமர் சாக்கெட் ஒன்று வாங்கி, மாலை 6 மணிக்குக் கால் மணி நேரம் மோடத்தின் கரண்டைத் துண்டித்துத் திரும்பக் கொடுக்கும்படி வையுங்கள். பகல் முழுக்க அணைந்தே இருக்கும்படியும் வைக்கலாம், கோரிமேடு சந்தோஷப்படுவார்.

கோரிமேடு:
படுவேன்.

வெளிலைன்:
ஒன்று விட்டுப்போயிற்று. சித்திரை வைகாசியில் மலையில் இடி இறங்கும். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு லைனுக்கும் அரெஸ்டர் என்ற மின்னல் தடுப்பான் உண்டு, ஆனால் அது காப்பது எக்ஸ்சேஞ்சை. உங்கள் வீட்டு முனையில் மின்னல் வந்தால் மோடம் வழியாக மதர்போர்டு வரை போகும். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, போன் கம்பியையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் வீட்டில் நல்ல எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எர்த் இல்லாமல் அது வெறும் அலங்காரம்.

காப்பித்தோட்டம்:
எழுதி வைத்துக்கொண்டேன் ஐயா. தனி எம்சிபிக்கு முதலாளி சரி என்றுவிட்டார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: அன்றைய பட்டியலை வீட்டில் பிரிண்ட் எடுக்கப் பார்த்தால் மறுபடியும் எல்லாம் நின்றுவிடுகிறது.

ஐந்துரோடு:
ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் வீட்டு பிரிண்டரையும் ஆபீஸோடு சேர்த்துவிடுகிறது. அச்சுக்குப் போகிற ஒவ்வொரு பக்கமும் போன் வழியாக வருகிறது. லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் பிரிண்டர் டிக்கை எடுத்துவிடுங்கள், சத்தத்தையும் நிறுத்துங்கள். பட்டியலை ஆபீஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கே அனுப்புங்கள். பூட்டும்போது அதை ஆன் செய்து, பேப்பரைச் சரியாக மாட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். காலையில் கிழித்து எடுத்துக்கொள்வார்கள்.